மிளகாய் எரிச்சலைத் தண்ணீர் போக்காது

பங்குனி வெயில் ஏறியதும் மன்னார்குடி, நீடாமங்கலம் பக்கம் வீட்டுக்கு வீடு மோர்மிளகாய் போட ஆரம்பித்துவிடுகிறார்கள். மகளிர் குழுவினர் விற்பனைக்கென்று மூட்டைக் கணக்கில் போடுகிறார்கள். அந்த நாட்களில் என்னிடம் வரும் பெண்கள் பலரும் சொல்வது ஒன்றுதான்: "காலையிலிருந்து கையைத் தண்ணீரிலேயே வைத்திருக்கிறேன் டாக்டர், வெளியே எடுத்தால் எரிகிறது." பார்த்தால் விரல்கள் சிவந்திருக்கும்; கொப்புளம் இருக்காது.

இது மிளகாய்க்குக் காரம் தரும் கேப்சைசின் என்ற பொருள் செய்யும் வேலை. காரம் விதையில் இருப்பதாகப் பலரும் நினைக்கிறார்கள். விதைகள் ஒட்டியிருக்கும் வெள்ளைச் சதையில்தான் அது சுரக்கிறது. மோர் உள்ளே இறங்குவதற்காக மிளகாயைக் கீறும்போது அந்தச் சதையும் கிழிந்து, சாறு நகக்கண்ணில் போய்த் தங்கிவிடுகிறது. நம் நரம்பு முனைகளில் சுமார் 43 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு பட்டால் விழித்துக்கொள்ளும் ஒரு புரதம் உண்டு. கேப்சைசின் அதில் ஒட்டிக்கொண்டால், நெருப்பே இல்லாமல் மூளைக்குச் 'சுடுகிறது' என்ற செய்தி போகும். இந்தப் புரதத்தைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ் 2021இல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பறவைகளிடம் இந்த ஏமாற்று எடுபடாது. கொல்லைக் கிளி மிளகாய்ப்பழத்தை நிம்மதியாகத் தின்கிறது.

கேப்சைசின் எண்ணெயில் கரையும், தண்ணீரில் அநேகமாகக் கரையாது. எனவே முதலில் நல்லெண்ணெயைக் கையிலும் நகக்கண்ணிலும் தேய்த்துத் துணியால் துடையுங்கள். பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள். எரிச்சல் அடங்காவிட்டால் மறுபடியும் செய்யுங்கள். வெந்நீர் வேண்டாம், எரிச்சலைக் கூட்டும். கண்ணில் பட்டால் மட்டும் எண்ணெய் கூடாது. சுத்தமான தண்ணீரை விட்டுக் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். கைக்குழந்தை உள்ள தாய்மார்கள் கையுறை இல்லாமல் இந்த வேலையில் இறங்கவே கூடாது.

இதே பொருள்தான் வலிக்கு மருந்தாகவும் பயன்படுகிறது. திரும்பத் திரும்பத் தடவும்போது நரம்பு முனை மரத்து, வலிச் செய்தி அனுப்புவது குறைகிறது. மூட்டுவலிக்கும், அக்கி ஆறிய பிறகும் விடாத வலிக்கும், சர்க்கரை நோயாளிகளின் பாத எரிச்சலுக்கும் 0.025, 0.075 சதவீத களிம்புகளை எழுதித் தருகிறோம். முதல் சில நாட்கள் எரியத்தான் செய்யும். அதற்குப் பயந்து இரண்டே நாளில் நிறுத்துபவர்கள் எரிச்சலை மட்டும் அனுபவித்துவிட்டு, பலன் வருமுன்பே விட்டுவிடுகிறார்கள். தினமும் மூன்று நான்கு வேளை, சில வாரங்கள் விடாமல் தடவினால்தான் குணம் தெரியும். தடவிய கையைக் கழுவ மறக்காதீர்கள்.

களிம்புக்குப் பதிலாக மிளகாயை அரைத்துப் பாதத்தில் பற்றுப் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. அதில் எவ்வளவு காரம் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. சர்க்கரை நோயில் உணர்ச்சி குறைந்த பாதம் புண்ணாவதே தெரியாமல், அதே காலோடு நடவுக்குச் சேற்றில் இறங்கிவிடுகிறார்கள். பாதத்தில் வெடிப்போ புண்ணோ இருந்தால் கடைக் களிம்பும் கூடாது. முதலில் காலை மருத்துவரிடம் காட்டுங்கள்.