"புதுச் சட்டம் வந்துவிட்டது" என்றால் இலக்கத்தைக் கேளுங்கள்

ஒட்டுசுட்டான் பக்கத்திலிருந்து காலை முதல் பஸ்ஸில் வந்திருந்தார் அந்த அம்மா. மடியில் ஒரு பொலித்தீன் பை. அதற்குள் கணவரின் காணி உத்தரவுப்பத்திரம், மடிப்புகளில் கிழிந்து, ஒட்டிய ரேப்பும் மஞ்சளாகிப் போயிருந்தது. இடம்பெயர்ந்த ஒவ்வொரு தடவையும் அரிசியை விட்டுவிட்டு இதை எடுத்துக்கொண்டு ஓடியதாகச் சொன்னார். பெயர் மாற்றத்துக்காக அந்த அலுவலகத்துக்கு அன்று நான்காவது தடவை வந்திருந்தார். மேசைக்கு அப்பால் இருந்தவர் கோப்பைத் திறக்காமலே சொன்னார்: "புதுச் சட்டம் வந்துவிட்டது அம்மா. இனி இப்படிச் செய்ய முடியாது."

எந்தச் சட்டம் என்று அவர் கேட்கவில்லை. கேட்டால் கோபித்துக்கொண்டு கோப்பை அடியில் போட்டுவிடுவார்களோ என்ற பயம். வன்னியில் இந்தப் பயத்தை நான் கிழமைக்கு ஒரு முகத்திலாவது பார்க்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பின்னணி சுருக்கமாக. சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்றுகிறது. அந்தச் சட்டம் கொடுத்த அதிகாரத்தின் கீழ் அமைச்சர் ஒழுங்குவிதி ஆக்குகிறார். ஒழுங்குவிதி, அரசின் அதிகாரபூர்வ அறிவித்தல் ஏடான வர்த்தமானியில் வெளியாக வேண்டும்; வெளியானால்தான் அதற்குச் சட்ட வலு. சுற்றறிக்கை வேறு. அது திணைக்களம் தன் அலுவலர்களுக்கு அனுப்பும் அறிவுறுத்தல். சட்டம் உங்களுக்குத் தந்த உரிமையைச் சுற்றறிக்கையால் பறிக்க முடியாது. அலுவலகங்களில் "புதுச் சட்டம்" என்று சொல்லப்படுவது பெரும்பாலும் சுற்றறிக்கைதான். சில வேளைகளில் அதுகூட இல்லை, கூட்டத்தில் யாரோ வாயால் சொன்னதாக இருக்கும்.

பாராளுமன்றம் அங்கீகரித்த பிறகுதான் ஒழுங்குவிதி நடைமுறைக்கு வரும் என்று பலர் நம்பியிருக்கிறார்கள். அநேகமான சட்டங்களில் அப்படி இல்லை. வர்த்தமானியில் வெளியான நாளிலேயே நடைமுறைக்கு வந்துவிடும், அதன் பிறகுதான் பாராளுமன்றத்துக்குப் போகும். பாராளுமன்றம் நிராகரித்தாலும், அதற்கு முன்பு அதன் கீழ் செய்யப்பட்டவை செய்யப்பட்டவையே.

வர்த்தமானியைப் பார்க்காமல் விட்டால் என்ன நடக்கும் என்பதற்குத் தூரத்தில் உதாரணம் தேட வேண்டியதில்லை. 2025 மார்ச் 28ஆம் திகதி வெளியான 2430ஆம் இலக்க வர்த்தமானியில், காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வடக்கில் ஏறத்தாழ 5,940 ஏக்கர் குறிக்கப்பட்டிருந்தது. முல்லைத்தீவில் 1,703, கிளிநொச்சியில் 515, மன்னாரில் 54 ஏக்கர், மிகுதி யாழ்ப்பாணத்தில். மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் அரச காணியாக்கலாம் என்பதே அந்த அறிவித்தலின் பொருள். காணி உறுதியை 2009இல் பதுங்குகுழியோடு இழந்தவர்களுக்கும், உரித்தாளர்கள் நான்கு நாடுகளில் சிதறிக் கிடக்கும் குடும்பங்களுக்கும் மூன்று மாதம். எத்தனை வீட்டுக்கு அந்தச் செய்தி போய்ச் சேர்ந்தது? கெடு முடிவதற்கு முதல் நாள், ஜூன் 27ஆம் திகதி, உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்ததால்தான் மூச்சு வந்தது. வழக்குப் போட ஆள் இருந்ததால் வந்த தடை அது.

இனி, கையில் இருக்கும் கருவி. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் இருக்கிறது. அலுவலர் சொன்ன விதியின் பிரதியை இதன் கீழ் எழுத்தில் கேட்கலாம். ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும் மாவட்டச் செயலகத்திலும் திணைக்களத்திலும் தகவல் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. காரணம் சொல்லத் தேவையில்லை. "எதற்கு இது உங்களுக்கு?" என்று கேட்டால் பதில் சொல்லாமல் இருக்க உங்களுக்கு உரிமை உண்டு. எழுத முடியாதவர் வாயால் கேட்கலாம். தகவல் அலுவலர்தான் அதை எழுத வேண்டும்.

ஆட்கள் வழுக்கி விழும் முதல் இடம், கேள்வியின் வடிவம். "எனக்கு ஏன் வீட்டுத்திட்டம் தரவில்லை?" என்று எழுதினால் அது முறைப்பாடாகப் போய்விடும், மரியாதையான இரண்டு வரிப் பதில் வரும். ஆவணத்தைக் கேளுங்கள். அந்த அம்மாவுக்காக நாங்கள் எழுதியது இவ்வளவுதான்: "எனது விண்ணப்பத்தை ஏற்க முடியாது என்பதற்கு ஆதாரமான வர்த்தமானியின் அல்லது சுற்றறிக்கையின் இலக்கம், திகதி, தமிழ்ப் பிரதி; எனது கோப்பில் இன்றுவரை எழுதப்பட்ட குறிப்புகளின் பிரதி." வீட்டுத்திட்டம் என்றால் பயனாளிகள் பட்டியலையும் புள்ளி வழங்கிய தாளையும் கேளுங்கள்.

இரண்டாவது, பற்றுச்சீட்டு. விண்ணப்பம் பெற்றுக்கொண்டதை உடனே எழுத்தில் உறுதிப்படுத்த வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. "வைத்துவிட்டுப் போங்கள், பார்க்கிறோம்" என்றால் வைத்துவிட்டு வராதீர்கள். தரமாட்டேன் என்றால் வெளியே வந்து பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டுத் துண்டைப் பத்திரப்படுத்துங்கள். அந்தத் துண்டு இல்லாமல் என்னிடம் வந்தவர்களுக்கு என்னால் ஒன்றும் செய்ய முடியாமல் போயிருக்கிறது.

மூன்றாவதுதான் அதிகம் பேரை விழுத்துவது. தகவல் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். மறுத்தாலும், பேசாமல் இருந்தாலும், அதிலிருந்து 14 நாட்களுக்குள் அதே அலுவலகத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு போக வேண்டும். இந்த 14 நாட்களைத்தான் "திங்கட்கிழமை வாருங்கள்", "ஐயா கூட்டத்தில்" என்று கரைத்துவிடுகிறார்கள். கெட்ட எண்ணத்தோடுதான் செய்கிறார்கள் என்று சொல்ல வரவில்லை. எந்த எண்ணத்தோடு செய்தாலும் நாள் போனது போனதுதான். விண்ணப்பம் கொடுத்த அன்றே கலண்டரில் இரண்டு திகதிகளையும் வட்டமிடுங்கள்.

குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மூன்று வாரம். அங்கும் பலன் இல்லை என்றால் இரண்டு மாதத்துக்குள் கொழும்பிலுள்ள தகவல் அறியும் உரிமைக்கான ஆணைக்குழுவுக்கு எழுதலாம். ஐந்து உறுப்பினர்கள் கொண்ட சுயாதீன ஆணைக்குழு அது. அலுவலகத்தை அழைத்து விசாரிக்கவும், தகவலைக் கொடுக்கும்படி கட்டளையிடவும் அதற்கு அதிகாரம் உண்டு. முதல் படியைத் தாண்டிக் குதித்து நேரே ஆணைக்குழுவுக்கு எழுதிவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்காதீர்கள்.

யார் கேட்கலாம் என்பதிலும் ஒரு பொறி. இலங்கைப் பிரஜை மட்டுமே கேட்கலாம். கனடாக் குடியுரிமை எடுத்து இலங்கைக் குடியுரிமை இழந்த அண்ணன் பெயரில் விண்ணப்பம் போட்டு, அது திரும்பி வந்த பிறகு அழுவதில் பயனில்லை. இங்கே இருக்கும் தங்கை தன் பெயரில் போடட்டும், காணி யார் பெயரில் இருந்தாலும் பரவாயில்லை. தனியாகப் போடப் பயமென்றால் கமக்காரர் அமைப்போ கிராம அபிவிருத்திச் சங்கமோ போடலாம். உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பிரஜைகளாக இருந்தால் போதும். வன எல்லைக்கல், குளத்துக் காணி போன்ற ஊர்ப் பிரச்சினைகளுக்குச் சங்கம் போடுவதே நல்லது. ஒருவரை மட்டும் தனியே பிடித்து முறைக்க முடியாது.

"பாதுகாப்பு விடயம், தர முடியாது" என்று வாயால் சொன்னால் ஏற்காதீர்கள். மறுப்பு எழுத்தில் வர வேண்டும். எந்தக் காரணத்தின் கீழ் மறுக்கிறார்கள், யாரிடம் எந்தக் காலத்துக்குள் மேன்முறையீடு செய்யலாம் என்றும் அதில் இருக்க வேண்டும். "சிங்களப் பிரதிதான் இருக்கிறது" என்பதும் பதில் அல்ல. வடக்கில் நிர்வாக மொழி தமிழ். அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயத்தைச் சுட்டி, தமிழ்ப் பிரதி வேண்டும் என்று எழுதுங்கள்.

அந்த அம்மாவுக்கு ஐந்தாவது கிழமையில் இரண்டு பக்கச் சுற்றறிக்கை ஒன்று வந்தது. அது வேறு வகைக் காணியைப் பற்றியது. அவருடைய உத்தரவுப்பத்திரத்துக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. அதை மேலே வைத்து, புதிய கடிதத்தோடு மறுபடியும் போனோம். கோப்பு இப்போது திறந்திருக்கிறது. ஐந்தாவது தடவை போன அன்று அவர் மூலப் பத்திரத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தார். நீங்களும் பிரதியை மட்டும் கொடுங்கள்; "மூலத்தை வைத்துவிட்டுப் போங்கள்" என்று யார் சொன்னாலும் காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.