போர் என்றால் நெருக்கடி நிலை அல்ல: யார் முடிவெடுக்கிறார்கள், நமக்கு என்ன மிஞ்சும்?

2025 மே 7 இரவு, போர்க்கால ஒத்திகைக்காகப் புது டெல்லியில் விளக்குகள் அணைந்தபோது, "எமர்ஜென்சி வந்துவிட்டதா?" என்று பதறிய கரோல் பாக் தமிழர்களை எனக்குத் தெரியும். வரவில்லை. போர் வேறு, நெருக்கடி நிலை வேறு.

படை நடவடிக்கையை முடிவு செய்வது பிரதமர் தலைமையிலான பாதுகாப்புக்கான அமைச்சரவைக் குழு. பாதுகாப்பு, உள்துறை, நிதி, வெளியுறவு அமைச்சர்கள் அதில் இருக்கிறார்கள். இதற்கு நாடாளுமன்றத்தின் முன் அனுமதி வேண்டும் என்று அரசியல் சாசனம் சொல்லவில்லை. 1999 கார்கில் போரில் கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்டக் கூடாது என்று விமானப்படைக்கு வரம்பு வகுத்தது அரசுதான். நெருக்கடி நிலை அறிவிக்காமலேயே அந்தப் போர் முடிந்தது.

நெருக்கடி நிலையை அறிவிக்க வழிசெய்வது அரசியல் சாசனத்தின் 352ஆவது பிரிவு. 1975 ஜூன் 25 இரவு பிரதமர் இந்திரா காந்தியின் பரிந்துரையை மட்டும் வைத்துக் குடியரசுத் தலைவர் கையெழுத்திட்டார். அமைச்சரவைக்கு மறுநாள் காலையில்தான் சொல்லப்பட்டது. அந்த வாசலை 1978இன் 44ஆவது திருத்தம் அடைத்தது. இப்போது அமைச்சரவையின் முடிவு எழுத்தில் போக வேண்டும். ஒரு மாதத்துக்குள் இரு அவைகளும் ஒப்ப வேண்டும்: மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல், வந்து வாக்களித்தோரில் மூன்றில் இரண்டு பங்கு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை மீண்டும் ஒப்புதல். இந்தக் கெடு மிக அவசியம். 1962 சீனப் போர் ஒரு மாதத்தில் ஓய்ந்தது. அப்போது அறிவித்த நெருக்கடி நிலையோ 1968 ஜனவரி வரை நீடித்தது.

போரின் பெயரால் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டால், பேச்சுரிமை, கூடும் உரிமை உள்ளிட்ட 19ஆவது பிரிவு உரிமைகளை மீறும் சட்டங்களை அரசு இயற்றலாம். ஆனால் உயிருக்கும் தனிமனித சுதந்திரத்துக்குமான 21ஆவது பிரிவுக்காக நீதிமன்றம் போகும் வழியை அடைக்க முடியாது. குற்ற வழக்குகளில் பாதுகாப்புத் தரும் 20ஆவது பிரிவும் அப்படியே. இவற்றை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

மக்களவை உறுப்பினர்களில் பத்தில் ஒரு பங்கினர் எழுத்தில் கேட்டால், 14 நாட்களுக்குள் சிறப்பு அமர்வு கூட வேண்டும். அங்கே சாதாரணப் பெரும்பான்மை எதிர்த்தாலே குடியரசுத் தலைவர் நெருக்கடி நிலையை விலக்கியாக வேண்டும். கையெழுத்துக்காக நீங்கள் அணுக வேண்டியவர் உங்கள் எம்.பி. வாக்காளர் பட்டியலில் பெயர் டெல்லியில் இருந்தால் இங்குள்ள ஏழு பேரில் ஒருவர். இன்னும் ஊரிலேயே இருந்தால், அந்தத் தொகுதிக்காரர்.