ஒரு ஃபனேகா நிலம்னா எவ்ளோ?

கோஸ்டா ரிக்கா காபி அறுவடைச் செய்தியில எல்லாம் ஃபனேகா, ஃபனேகான்னு வருதே, அது எடையா இல்ல நிலத்தோட அளவான்னு ஒரு வாசகர் கேட்டிருந்தாங்க. அங்க அது கொள்ளளவு, பறிச்ச பழம் 400 லிட்டர், அதாவது 20 லிட்டர் பெட்டியில 20 பெட்டி. ஆனா அவங்க குழம்புனது நியாயம்தான், ஏன்னா ஸ்பெயின்ல இதே பேர்ல நிலத்தையும் அளந்தாங்க.

பேரு அரபியில இருந்து வந்தது, தானிய அளவுக்கான சொல். ஸ்பெயினோட காஸ்டீல் பகுதியில செலெமீன்ங்கிற சின்ன அளவு 12 சேர்ந்தா ஒரு ஃபனேகா, 55.5 லிட்டர். மரப்பெட்டியில கோதுமையைக் கொட்டி, மேல கும்பமா நிக்கறதை ஒரு கட்டையால வழிச்சுத் தலைதட்டி அளப்பாங்க. கோதுமைன்னா எடை சுமார் 43 கிலோ வரும், பார்லி இன்னும் லேசு.

இப்ப எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயத்துக்கு வரேன். ஒரு ஃபனேகா விதையைத் தூவ எவ்ளோ நிலம் வேணுமோ அதுதான் ஒரு ஃபனேகா நிலம்! காஸ்டீல் கணக்குல சுமார் 6,440 சதுர மீட்டர். 43 கிலோவை அதுல பரப்புனா சதுர மீட்டருக்கு 6.7 கிராம், ஒரு மணி 40 மில்லிகிராம்னு வச்சுக்கிட்டா கிட்டத்தட்ட 165 மணி விழும். வானம் பார்த்த பூமியில இதுக்கு மேல நெருக்கமா விதைச்சா பயிரெல்லாம் தண்ணிக்கு அடிச்சுக்கும், வேர் இறங்குற ஆழத்துல இருக்குற ஈரம் அத்தனைக்கும் பத்தாது. கலக்க விதைத்தால் களஞ்சியம் நிறையும்னு நம்மாளுங்க சொல்றதும் இதைத்தான். ஈரம் கம்மியான மண்ணுல இன்னும் கலக்கமா, அதாவது இடைவெளி விட்டுத் தூவணும், அப்ப அதே மூட்டை விதை இன்னும் அதிக நிலத்துக்கு வரும், ஃபனேகாவும் பெருசாயிடும். மாட்ரிட் பக்கம் 3,400 சதுர மீட்டர் சொச்சம், அல்பசேத்தேல 7,000. இதுல உள்ளூர் வழக்கத்துக்கும் பங்கு இருக்கு, மண்ணு மட்டுமே காரணம் இல்ல.

1849-லேயே ஸ்பெயின் மெட்ரிக் சட்டம் போட்டாச்சு, கிராமத்துல இன்னும் ஃபனேகா பேசுறாங்க. இதை முட்டாள்தனம்னு சொல்றவங்களோட எனக்கு உடன்பாடே இல்ல, விதை எவ்ளோ எடுத்து வைக்கணும்னு தெரிஞ்சுக்க நினைக்கிற விவசாயிக்கு ஹெக்டேரை விட இது நேரடியான பதில்.

தேவாலயத்துக்கு விளைச்சல்ல பத்துல ஒரு பங்கு கொடுத்த பழைய கணக்கேடுகள் ஸ்பெயின்ல நிறைய இருக்கு, தானியக் கணக்கெல்லாம் ஃபனேகாலதான். எந்த வருஷம் விளைஞ்சது, எந்த வருஷம் பொய்த்ததுன்னு ஆராய்ச்சியாளர்கள் அதுலேர்ந்துதான் எடுக்கிறாங்க. அந்தந்த ஊர்ப் பெட்டி எத்தனை லிட்டர்னு தெரியலைன்னா ஊரோட ஊரை ஒப்பிடவே முடியாது, அதனால இந்த மாதிரி அளவை ஆராய்ச்சிக்குக் காசு ஒதுக்குறது வீண்செலவே கிடையாது.