ஒரு வீடு, பத்து குளியலறை

புதுச்சேரி ரோமன் ரோலண்ட் வீதியில் உள்ள ஓட்டெல் தெ லோரியான் வாசலில் நின்று படம் எடுத்துக்கொள்ளும் பலருக்கு, அது ஒரு காலத்தில் பிரெஞ்சு நிர்வாகத்தின் கல்வித் துறை அலுவலகம் என்பது தெரியாது. நீம்ரானா குழுமம் அதைப் பழுதுபார்த்து 2000ஆம் ஆண்டு விடுதியாகத் திறந்தது. பிறகு, பிரெஞ்சுப் பகுதியையும் தமிழர் பகுதியையும் பிரிக்கும் வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர் பகுதியிலும் முற்றம் வைத்த வீடுகள் ஒவ்வொன்றாக விடுதிகளாயின. பெருமாள் கோயில் வீதியிலுள்ள மெசோன் பெருமாள் அப்படி வந்ததுதான்.

இந்த மாற்றத்துக்கு நான் எதிரி இல்லை. பூட்டிக் கிடப்பதைவிட விருந்தாளி தங்குவது மேல். 1870–71இல் கட்டிய மேரி (நகர மன்றக்) கட்டடம் பல ஆண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடந்து, 2014 நவம்பர் மழையில் சரிந்து விழுந்தது. இன்று கடற்கரையில் நிற்பது அதே சாயலில் புதிதாகக் கட்டி 2021இல் திறந்தது.

ஆனால் பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கும் பொறியாளராக எனக்கு ஒரு பயம் உண்டு: குளியலறை. அந்தக் காலத்து வீட்டில் தண்ணீர் புழங்கிய இடம் பின்கட்டு மட்டும்தான். விடுதியானதும் மாடியில் அறைக்கு ஒன்றாகப் பத்து குளியலறை வருகிறது. அதோடு ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் வேறு.

இந்த வீடுகளின் தளம் மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்திரங்களின் மேல் சின்னச் செங்கல்லைக் குத்துக்கல்லாக அடுக்கி, சுண்ணாம்புச் சாந்து இட்டு, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு இறுக்கியது. மழை பெய்தால் கொஞ்சம் நனையும், வெயிலில் காயும். தினமும் ஊறுவதை அது தாங்காது. ஐம்பது சதுர அடி குளியலறைக்கு ஒரு அடி உயரம் செங்கல் ஜல்லி கொட்டி மேடாக்கினாலே இரண்டு டன்னுக்கு மேல் எடை ஏறிவிடும். கக்கூஸ் குழாய்க்குச் சரிவு வேண்டும் என்று அதைத்தான் செய்கிறார்கள்.

எடையைக்கூடக் கணக்குப் போட்டுப் பிடித்துவிடலாம். உத்திரத்தின் முனைதான் ஆபத்து. அது சுவருக்குள் முக்கால் அடி புதைந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது. சுவரை வெட்டிப் பதித்த குழாயில் ஒரு மூட்டு கசிந்தால் ஈரம் நேராக அங்கே போய்ச் சேரும். சுண்ணாம்புப் பூச்சாக இருந்தால் அந்த ஈரம் வெளியே வந்து உலரும், கறை தெரியும், நாமும் உஷாராவோம். ஆனால் ‘பொரிகிறது’ என்று பூச்சைக் கொத்திவிட்டு சிமெண்ட் பூசி, அதன்மேல் பெயிண்டும் அடித்தால் ஈரம் உள்ளேயே அடைபடும். மரம் சத்தமில்லாமல் மக்கும். அப்புறம் கரையானும் வந்து சேரும்.

சில வருடங்களுக்கு முன் விடுதியாக மாறிக்கொண்டிருந்த ஒரு வீட்டைப் பார்க்கப் போனேன். மாடியில் பன்னிரண்டு அறை, பன்னிரண்டு குளியலறை, வேலை பாதி முடிந்திருந்தது. கீழே கூடத்தில் மேஸ்திரி சுவரைத் தடவிக் காட்டி, “சார், இந்த இடம் மட்டும் வேர்க்குது” என்றார். சிமெண்டைப் பெயர்த்து உத்திர முனையில் ஸ்க்ரூடிரைவரைக் குத்தினேன். பிடிவரை இறங்கியது. குழாயில் தண்ணீர் விட்டு சோதித்த நாளிலிருந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. பழைய மழைக் கசிவு ஏற்கெனவே பாதியைத் தின்றிருக்க வேண்டும். யாரும் திறந்து பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

உங்கள் வீட்டை விடுதிக்குக் குத்தகை விடப் போகிறீர்கள் என்றால், கையெழுத்துக்கு முன் எல்லா உத்திர முனைகளையும் திறந்து காட்டச் சொல்லுங்கள். குளியலறைகளைப் பின்பக்கம் தனி அஸ்திவாரத்தில் எழுப்பச் சொல்லுங்கள். குழாய்கள் சுவருக்கு வெளியே போகட்டும். பார்க்க அசிங்கம் என்பார்கள். கசிந்தால் தெரியுமே! குளியலறைத் தளத்தில் இரண்டு நாள் தண்ணீர் தேக்கிப் பார்த்த பிறகே டைல்ஸ் ஒட்ட வேண்டும் என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.

அந்த வீட்டில் நான்கு உத்திரங்களின் முனையை வெட்டி, இடித்த வீட்டிலிருந்து வாங்கிய பழைய தேக்கை இணைத்தோம். குளியலறைகள் பின்கட்டுக்குப் போயின. பன்னிரண்டு அறை ஒன்பதாகச் சுருங்கியது. அந்த மூன்று அறைகளுக்காக உரிமையாளர் இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.