ஆம்ப்ளிஃபயரில் செத்தது எது?

“சார், இது தேறுமா, இல்ல புதுசே வாங்கிடலாமா?” ஆம்ப்ளிஃபயரை என் மேசையில் வைக்கும்போதே இந்தக் கேள்வி வந்துவிடும். மூடியைக் கழற்றாமலே இதற்குப் பதில் சொல்கிற மெக்கானிக்கிடம் கொடுக்காதீர்கள். எத்தனை வருடப் பழசு என்பது எனக்கு இரண்டாம்பட்சம். எந்தப் பாகம் போயிருக்கிறது, அது ஒரிஜினலாகக் கிடைக்குமா என்பதைத்தான் முதலில் பார்ப்பேன்.

ஒரு பக்கம் மட்டும் பாடவில்லையா? செட்டை அணைத்துவிட்டு, அதன் பின்புறம் இடது, வலது ஸ்பீக்கர் வயர்களை மாற்றிச் செருகுங்கள். அதே ஸ்பீக்கர்தான் இன்னமும் ஊமை என்றால் ஸ்பீக்கரிலோ வயரிலோ கோளாறு. ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம்.

‘போர்டே மாத்தணும்’ என்று வேறோர் இடத்தில் சொல்லி அனுப்பிய செட் ஒன்று என்னிடம் வந்தது. வால்யூமைக் கூட்டினால் இடது பக்கம் பாடும், குறைத்தால் அடங்கிவிடும். ஸ்பீக்கருக்குப் போகும் வழியில் இருக்கும் ரிலேவின் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) மூடியைக் கழற்றினேன். அதன் முனைகள் தொடும் காண்டாக்ட் கரி பிடித்துக் கிடந்தது. சன்னமான சிக்னல் அந்தக் கரியைத் தாண்டவில்லை, அவ்வளவுதான். ரிலேவை மாற்றினேன், வேலை முடிந்தது. வால்யூமைத் திருகினால் கரகரப்பது, தட்டினால் சத்தம் வருவது (டிரை சால்டர், அதாவது பற்றவைப்பு விட்டுப்போனது) எல்லாம் இதே ரகம்தான். இதற்காகப் புதுசு வாங்குவது வீண்.

‘ம்ம்ம்’ என்று இரைந்தால் பவர் சப்ளையில் மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் பெரிய கெப்பாசிட்டர்களைத்தான் முதலில் சந்தேகப்படுவேன். எவ்வளவு சூடு தாங்கும் என்பதை அவற்றின் மேலேயே 85 டிகிரி, 105 டிகிரி என்று அச்சிட்டிருக்கும். சூடு 10 டிகிரி குறைந்தால் அவற்றின் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும். மூடிய அலமாரிக்குள் செட்டை வைத்து, அதன் தலையில் இன்னொரு பெட்டியையும் ஏற்றுகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன். ஆனால் ஆர்வக்கோளாறில் நீங்களே திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்தக் கெப்பாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும்.

ஃபியூஸ் போனால் புதிய ஃபியூஸ் ஒரே ஒரு முறை, அதுவும் அதே ஆம்பியரில். அதுவும் போனால் பெரும்பாலும் ஸ்பீக்கரை ஓட்டும் அவுட்புட் டிரான்சிஸ்டர் ஷார்ட். அதிக ஆம்பியர் ஃபியூஸ் போட்டாலோ வெள்ளித்தாள் சுற்றினாலோ தீப்பிடிக்கவும் வாய்ப்புண்டு. நாங்கள் செட்டுக்குப் போகும் மின்சாரம் ஒரு குண்டு பல்பு வழியாகவே போகும்படி (சீரிஸ் இணைப்பு) போட்டுத்தான் ஆன் செய்வோம். பல்பு ஒரு கணம் மின்னி மங்கினால் நல்லது. பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட்.

அவுட்புட் போன செட்டில்தான் பாகம் கிடைக்குமா என்ற கேள்வி கழுத்தைப் பிடிக்கும். 2எஸ்சி5200, 2எஸ்ஏ1943 என்ற அவுட்புட் டிரான்சிஸ்டர்களில் போலிகள் ஏராளம். உடைத்துப் பார்த்தால் உள்ளே கடுகளவு சிலிக்கான்தான் இருக்கும். வால்யூமைக் கொஞ்சம் ஏற்றினால் மறுபடி புகை. அவுட்புட் வேலையை ஒரே பாகத்தில் அடக்கிய பழைய எஸ்டிகே ஐசிக்களில் போலி இன்னும் அதிகம். நம்பிக்கையான இடத்தில் கிடைக்காவிட்டால், அந்த செட்டை நான் கையிலெடுப்பதில்லை.

வேறு எதையெல்லாம் கைகழுவச் சொல்வேன்? தண்ணீர் புகுந்து செம்புத் தடங்கள் அரித்துப்போன போர்டு. டிரான்ஸ்ஃபார்மர் எரிந்த மலிவு செட். டிவியை இணைக்கும் எச்டிஎம்ஐ போர்டோ பிராசசரோ போய், கம்பெனியும் அந்தப் பாகத்தை நிறுத்திவிட்ட ஹோம் தியேட்டர் ரிசீவர். நல்ல கனமான டிரான்ஸ்ஃபார்மரும் சூட்டை வெளியேற்றும் அகலமான ஹீட் சிங்க்கும் உள்ள பழைய இரண்டு சேனல் ஆம்ப்ளிஃபயரை மட்டும் எடைக்குப் போட எனக்கு மனசு வராது. செலவில் பெரும்பங்கு அந்த இரண்டிலும்தான் போயிருக்கும், அவையோ லேசில் கெடாதவை.

ரிப்பேர் முடிந்து வாங்கும்போது, கழற்றிய பழைய பாகங்களைக் கேளுங்கள். பாட்டு ஓடாதபோது செட்டின் ஸ்பீக்கர் முனையில் மீட்டர் வைத்து டிசி (நேர்மின்னோட்ட வோல்ட்) எவ்வளவு என்று காட்டச் சொல்லுங்கள். பொதுவாக 50 மில்லிவோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். வோல்ட் கணக்கில் காட்டினால் செட்டை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். வீட்டுக்குக் கொண்டுபோனால் ஸ்பீக்கரின் கம்பிச்சுருள் கருகிவிடும்.