கோபமா, பயமா?

போன வருடம் ஒரு நாள் மகள் வீடு திரும்ப இரவு பத்து மணி ஆகிவிட்டது. போனும் எடுக்கவில்லை. கதவைத் திறந்ததும் நான் கத்திய கத்தலில் அழுதுகொண்டே அறைக்குள் போய்விட்டாள். படுத்த பிறகுதான் எனக்கு உறைத்தது, அது கோபமே இல்லை. இரண்டு மணி நேரமாக நெஞ்சை அடைத்துக்கொண்டிருந்த பயம், அவளைக் கண்டதும் கோபமாக வெளியே வந்திருக்கிறது. ஓர் உணர்ச்சி இப்படி ஆள் மாறி வருவது எப்படி என்று அன்றிலிருந்து தேடித் தேடிப் படித்துவருகிறேன்.

நம் மூளைக்குள் இரு பக்கமும் பாதாம் பருப்பு வடிவில் அமிக்டலா என்ற சிறு பகுதி இருக்கிறது. இதைப் பயத்தின் மையம் என்று பலரும் எழுதுகிறார்கள். அது பாதி உண்மைதான். 'இது முக்கியம், கவனி' என்று குரல் கொடுப்பதே அதன் வேலை. குரல் கேட்டதும் சிறுநீரகங்களின் மேலுள்ள சுரப்பிகள் அட்ரினலினை விடுகின்றன. இதயம் வேகமாக அடிக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது, தசைகள் இறுகுகின்றன. சிக்கல் இங்கேதான். பயம், கோபம், பரபரப்பு மூன்றிலும் உடம்பு ஏறக்குறைய இதே பாட்டைத்தான் படுகிறது. இது எந்த உணர்ச்சி என்பதைச் சூழ்நிலையைப் பார்த்து மூளை ஊகிக்க வேண்டியிருக்கிறது, அந்த ஊகம் சில சமயம் தப்பாகவும் போகிறது.

1974-இல் டொனால்ட் டட்டன், ஆர்தர் ஆரோன் என்ற இரண்டு உளவியலாளர்கள் கனடாவின் கபிலானோ தொங்குபாலத்தில் ஒரு சோதனை செய்தார்கள். ஆழமான பள்ளத்தாக்கின் மேல் ஆடும் அந்தப் பாலத்தில் வந்த ஆண்களிடம் ஓர் இளம்பெண் சில கேள்விகள் கேட்டு, தன் தொலைபேசி எண்ணையும் கொடுத்தார். பக்கத்தில் இருந்த உறுதியான, தாழ்வான பாலத்திலும் அதே பெண், அதே கேள்விகள். பிறகு அவரைக் கூப்பிட்டவர்களில் ஆடும் பாலத்தில் வந்தவர்களே அதிகம். பயத்தில் எழுந்த படபடப்பின் ஒரு பகுதியை அவர்கள் ஈர்ப்பு என்று எடுத்துக்கொண்டார்கள் என்பது ஆய்வாளர்களின் விளக்கம்.

சரி, பெயரைச் சரியாக வைத்தால்? லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் மாத்யூ லீபர்மன் குழுவினர் 30 பேரை மூளை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து, கோபமும் பயமும் தெரியும் முகப்படங்களைக் காட்டினார்கள். அந்த முகத்தில் தெரியும் உணர்ச்சிக்குரிய சொல்லைத் தேர்ந்தெடுத்தபோது அமிக்டலாவின் துடிப்பு குறைந்தது. நெற்றிக்குப் பின்னால் வலப்பக்கமுள்ள முன்மூளைப் பகுதி அதிகமாக வேலை செய்தது. அதே முகத்துக்குப் பொருத்தமான ஆள்பெயரைத் தேர்ந்தெடுத்தபோது அந்த அளவுக்குத் தணியவில்லை. உணர்ச்சிக்கான சொல்தான் வேலை செய்கிறது. இந்த ஆய்வு 2007-இல் வெளிவந்தது.

எனக்கு இதைவிடவும் பிடித்தது 2012-இல் வெளியான இன்னொரு ஆய்வு. சிலந்தி என்றாலே நடுங்கும் 88 பேரை ஒரு பெரிய சிலந்திக்கு அருகே போகச் சொன்னார்கள். ஒரு குழு தன் பயத்தை அப்படியே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இன்னொரு குழு 'இது ஒன்றும் செய்யாது' என்று தேற்றிக்கொள்ள வேண்டும். வேறொரு குழு சம்பந்தமில்லாத எதையாவது பேச வேண்டும். கடைசிக் குழுவுக்குச் சொல்ல எதுவும் இல்லை, சிலந்தியைப் பார்த்தால் போதும். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது உள்ளங்கை வியர்வையின் அளவு குறைந்திருந்தது பயத்தைச் சொன்னவர்களிடம்தான். அவர்களிலும், பயத்துக்கான சொற்களை அதிகம் பயன்படுத்தியவர்களுக்குப் பயம் அதிகமாகத் தணிந்தது. 'பயம்னு சொல்லாதே, பயம் கூடும்' என்று குழந்தைகளை அடக்குகிறோமே, அதை நாம் மறுபடி யோசிக்க வேண்டும்.

அடக்குவதால் நடப்பது வேறு. ஜேம்ஸ் கிராஸ் என்ற உளவியலாளர் அருவருப்பூட்டும் படங்களைக் காட்டி, முகத்தில் எதையும் காட்டாமல் இருக்கும்படி சிலரிடம் சொன்னார். முகம் அமைதியானது. உள்ளே அருவருப்பு குறையவில்லை, உடம்பின் பதற்றக் குறிகள் சில கூடவும் செய்தன.

'உணர்ச்சி நுண்ணறிவு' என்ற கருத்தை 1990-இல் கட்டுரையாக முன்வைத்த பீட்டர் சாலவேயும் ஜான் மேயரும் பின்னாளில் அதை நான்கு திறன்களாகப் பிரித்தார்கள். உணர்ச்சியைக் கண்டுகொள்வது, சிந்தனைக்குப் பயன்படுத்துவது, புரிந்துகொள்வது, கடைசியாகத்தான் கையாள்வது. நாமோ நேராகக் கடைசிக்குத் தாவி 'கோபத்தைக் கட்டுப்படுத்து' என்கிறோம். எதைக் கட்டுப்படுத்துவது என்றே தெரியாதபோது அது எப்படி முடியும்?

அதற்குச் சொற்கள் வேண்டும். தமிழில் அவற்றுக்குப் பஞ்சமே இல்லை. எரிச்சல், ஆதங்கம், ஆற்றாமை, மனத்தாங்கல், அவமானம் எல்லாவற்றையும் நாம் 'கோபம்' என்ற ஒரே பையில் போட்டுவிடுகிறோம். எரிச்சலுக்கு ஒருவேளை தூக்கம் போதும். மனத்தாங்கலுக்கு யாரிடமாவது பேச வேண்டும். சொல் தெரிந்தால்தான் அடுத்து என்ன செய்வது என்பதும் தெரியும். சொல் வராதபோது நான் உடம்பிலிருந்து தொடங்குகிறேன். தாடை இறுகியிருக்கிறதா, அடிவயிறு கலங்குகிறதா? அப்புறம் மெல்ல அந்தச் சொல்லும் வரும். ஆனால் நடந்ததையே திரும்பத் திரும்பச் சொல்லிக் கொதிப்பது இந்தக் கணக்கில் வராது. அது கோபத்தை வளர்க்கத்தான் செய்யும்.

சென்ற மாதம் மறுபடியும் தாமதமாக வந்தாள். வாசலிலேயே சொன்னேன், "ரொம்பப் பயந்துட்டேன்மா." செருப்பைக்கூடக் கழற்றாமல் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "போன்ல சார்ஜ் போயிடுச்சுப்பா. வேற யார் போன்ல இருந்தாவது பேசியிருக்கணும்," என்றாள்.