தயாரித்தவர் போய்விட்டார், டிடெக்டர் இருக்கிறது

டெக்சாஸில் வசிக்கும் வாசகர் ஒருவர் கேள்வி அனுப்பியிருக்கிறார். ஓய்வு பெற்ற பிறகு கால்வெஸ்டன் கடற்கரையில் மெட்டல் டிடெக்டரும் கையுமாகக் காலாற நடப்பது அவருடைய வழக்கம். பல வருடங்களுக்கு முன் வாங்கிய டெசோரோ கருவி இப்போதெல்லாம் லேசாக இடித்தாலே கத்துகிறது, சில நேரம் காசின் மேல் வைத்தாலும் வாய் திறப்பதில்லை. "வாங்கும்போது ஆயுள் உத்தரவாதம் என்றார்கள். இப்போது கம்பெனியே இல்லை. தூக்கிப் போட்டுவிட வேண்டியதுதானா?" என்று கேட்கிறார்.

அவசரப்பட்டுத் தூக்கிப் போட வேண்டாம். அவர் கையில் இருப்பது, தயாரித்தவர் இல்லாமலும் பிழைக்கக்கூடிய வகை. எல்லா டிடெக்டருக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை. ஏன் என்று பார்க்க, கருவிக்குள் நடப்பதைக் கொஞ்சம் பார்த்துவிட வேண்டும்.

டெசோரோ, அரிசோனா மாநிலத்தின் பிரஸ்காட் என்ற ஊரில் இயங்கிய சிறு நிறுவனம். ஜாக் கிஃபோர்ட் 1980-இல் தொடங்கினார். முதலில் வாங்கியவருக்கு வாழ்நாள் முழுக்க இலவசப் பழுதுபார்ப்பு என்பது அதன் பெரிய விளம்பரம். 2018-இல் மூடிவிட்டார்கள். இரண்டே வருடத்தில், ஓரிகன் மாநிலத்தில் ஸ்வீட் ஹோம் என்ற சிற்றூரில் இருந்த வைட்ஸ் எலக்ட்ரானிக்ஸும் மூடப்பட்டது. 1950-இல், யுரேனியம் தேடி அலைந்தவர்களுக்குக் கைகர் கவுன்டர் செய்துகொடுத்துத் தொடங்கிய கம்பெனி அது. அதன் வடிவமைப்பு உரிமைகளை டெக்சாஸின் கேரட் நிறுவனம் வாங்கியது. ஆனால் உரிமையை வாங்கியவருக்குப் பழைய கருவிகளைப் பழுது பார்த்துக் கொடுக்கும் கடமை தானாக வந்து சேர்வதில்லை.

இப்போது இயற்பியலுக்கு வருவோம். கீழே வட்டமாக இருக்கும் தட்டுக்குள் இரண்டு கம்பிச் சுருள்கள் இருக்கின்றன. ஒன்றில் மாறுதிசை மின்னோட்டம் ஓடுகிறது; அது செலுத்தும் சுருள். இந்த வகைக் கருவிகளில் அதிர்வெண் பெரும்பாலும் 5 முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை. மாறும் காந்தப்புலம் மண்ணுக்குள் இறங்குகிறது. அங்கே காசு ஒன்று கிடந்தால் அதில் சுழல் மின்னோட்டம் எழுகிறது. அந்த மின்னோட்டம் தன் பங்குக்கு ஒரு சிறிய காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. அதை இரண்டாவது சுருள் உணர்கிறது; அது வாங்கும் சுருள். ஃபாரடே விதி, லென்ஸ் விதி, பள்ளிப் பாடம்தான். 1881-இல் அமெரிக்க அதிபர் கார்ஃபீல்ட் சுடப்பட்டபோது, உடலுக்குள் தங்கிவிட்ட தோட்டாவைத் தேட அலெக்சாண்டர் கிரகாம் பெல் கொண்டுபோன கருவியும் இதே தத்துவம்தான். தோட்டா கிடைக்கவில்லை. மெத்தையின் எஃகு ஸ்பிரிங்குகள் குழப்பின என்பது ஒரு காரணம். தோட்டா வலப்பக்கம் இருப்பதாக உறுதியாக நம்பிய மருத்துவர் அந்தப் பக்கம் மட்டுமே தேட அனுமதித்தது இன்னொரு காரணம். தோட்டா இடப்பக்கம் இருந்தது.

பாடப்புத்தகம் இங்கே நின்றுவிடும். உண்மையான சிக்கல் இதற்குப் பிறகுதான். செலுத்தும் சுருளின் புலம் பூதாகாரமானது. காசிலிருந்து திரும்பி வருவது அதன் இம்மியளவு. இரண்டு சுருள்களும் ஒரே தட்டில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. வாங்கும் சுருளுக்குப் பக்கத்துச் சுருளின் கூச்சல் மட்டுமே கேட்க வேண்டும், காசின் முணுமுணுப்பு கேட்கவே கூடாது. ஆனாலும் கேட்கிறது. எப்படி?

எனக்கு இந்தக் கருவியிலேயே மிகவும் பிடித்த இடம் இதுதான். வட்டச் சுருள் ஒன்றில் மின்னோட்டம் ஓடும்போது, சுருளின் உள்ளே காந்தப்புலக் கோடுகள் கீழ்நோக்கி இறங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். அவற்றுக்குத் தொடக்கமோ முடிவோ கிடையாது என்பதால், வெளியே சுற்றி வந்து மேல்நோக்கி ஏறித்தான் ஆக வேண்டும். ஆக, சுருளின் உள்ளே ஒரு திசை, வெளியே எதிர்த்திசை. இப்போது இரண்டாவது சுருளை முதல் சுருளின் விளிம்பின்மேல், பாதி உள்ளே பாதி வெளியே இருக்கும்படி வையுங்கள். அதன் ஒரு பகுதி வழியாகப் புலம் இறங்குகிறது, மறு பகுதி வழியாக ஏறுகிறது. மெல்ல நகர்த்திக்கொண்டே போனால், இறங்குவதும் ஏறுவதும் சரிக்குச் சரியாக இருக்கும் ஓர் இடம் வரும். அந்த இடத்தில், எவ்வளவு பெரிய புலம் பக்கத்தில் இருந்தாலும் இரண்டாவது சுருளில் கிட்டத்தட்ட ஒன்றுமே தூண்டப்படாது. தராசின் இரு தட்டிலும் மலையளவு பாரத்தை ஏற்றிச் சமன் செய்துவிட்டு, ஒரு பக்கம் இறகு விழுந்தாலும் முள் சாயும்படி வைப்பது போன்ற ஏற்பாடு. கூச்சலைத் தடுக்கச் சுவரும் இல்லை, வடிகட்டும் சர்க்யூட்டும் இல்லை. வெறும் வடிவியல்.

பட்டறையில் இதைச் செய்வதைப் பார்க்க வேண்டும். பிளாஸ்டிக் ஓட்டுக்குள் செலுத்தும் சுருளை ஒட்டிவிடுகிறார்கள். வாங்கும் சுருளின் முனைகளை, மின் அலையைத் திரையில் வரைந்து காட்டும் ஆசிலாஸ்கோப்பில் இணைத்து, திரையைப் பார்த்தபடியே சுருளை விரல் நுனியால் தள்ளுகிறார்கள். அலை உயரம் குறைந்துகொண்டே வருகிறது. சமநிலையைத் தாண்டியதும் அலை தலைகீழாகப் புரண்டு மறுபடி வளர்கிறது. மயிரிழை முன்னும் பின்னும் தள்ளி, வோல்ட் கணக்கில் இருந்ததைச் சில மில்லிவோல்ட்டுக்கு இறக்குகிறார்கள். பிறகு எபாக்ஸி பிசினை ஊற்ற வேண்டும். பிசின் இறுகும்போது சூடேறி, சற்றே சுருங்கும். பாடுபட்டுப் பிடித்த சமநிலை நகர்ந்துவிடும். அதனால் வாங்கும் சுருளின் கம்பியில் ஒரு சிறு வளையத்தை மட்டும் பிசினுக்கு வெளியே விட்டுவைக்கிறார்கள். மற்றதெல்லாம் இறுகிய பிறகு அந்த வளையத்தை இப்படியும் அப்படியும் வளைத்து, மிச்சமிருக்கும் பிழையைத் தீர்த்து, ஒரு சொட்டுப் பிசினால் அதையும் உறையவைக்கிறார்கள். சுருளைச் சுற்றி மின்புலக் கவசமாகக் கிராஃபைட் பூச்சோ மெல்லிய அலுமினியத் தாளோ இருக்கும். அந்தக் கவசம் முழு வட்டமாக மூடிவிடக்கூடாது. ஓரிடத்தில் இடைவெளி விட வேண்டும். விடாவிட்டால் கவசமே குறுக்குச் சுற்றான ஒரு சுருளாகி, புலத்தை விழுங்கிவிடும்.

வாசகரின் கருவிக்கு வந்த நோய் இங்கேதான் இருக்க வாய்ப்பு அதிகம். தட்டு வருடக்கணக்காகக் கல்லிலும் வேரிலும் இடிபட்டு, உள்ளே பிசின் பிளாஸ்டிக் ஓட்டிலிருந்து பிரிந்திருந்தால், சுருள்கள் கண்ணுக்குத் தெரியாத அளவு ஆடும். அந்த ஆட்டமே சமநிலையைக் குலைத்துப் பொய்ச் சத்தம் எழுப்பும். ஆனால் முதலில் கேபிளைச் சந்தேகியுங்கள். உலோகம் எதுவும் அருகில் இல்லாத இடத்தில் தட்டை மேலே தூக்கிப் பிடித்து, கேபிளைப் பிளக் அருகிலும் தட்டுக்குள் நுழையும் இடத்திலும் வளைத்துப் பாருங்கள். அப்போது கத்தினால் உள்ளே கம்பி அறுந்து அறுந்து சேர்கிறது; சால்டரிங் தெரிந்த யாரும் சரி செய்துவிடுவார்கள். கேபிளை அசைத்தால் அமைதியாக இருந்து, பிளாஸ்டிக் ஓட்டின்மேல் விரல் முட்டியால் தட்டும்போது மட்டும் கத்தினால், சுருள்தான். அதே மாடலுக்கான வேறு சுருள் தேட வேண்டும். "ஏதோ ஒரு டெசோரோ சுருள்" போதாது. செலுத்தும் சுருளும் போர்டில் உள்ள மின்தேக்கியும் சேர்ந்துதான் அதிர்வெண்ணை நிர்ணயிக்கின்றன. சுருள் மாறினால் அதிர்வெண் மாறும், அத்துடன் கட்டமும், அதாவது திரும்பி வரும் அலை செலுத்தும் அலைக்கு எவ்வளவு பின்தங்குகிறது என்பதும், மாறும்.

இந்தக் 'கட்டம்' எதற்கு? அதுதான் இரும்பாணியையும் வெள்ளிக் காசையும் பிரித்துச் சொல்கிறது. காசில் சுழல் மின்னோட்டம் எழும்போது, அது செலுத்தும் புலத்துக்குச் சற்றுப் பின்தங்கியே எழும். எவ்வளவு பின்தங்கும் என்பது உலோகத்தின் மின்கடத்தும் திறனையும் தடிமனையும் பொறுத்தது. அலுமினியத் தாள் குறைவாகவும், தாமிரம் கூடுதலாகவும், தடித்த வெள்ளிக் காசு மிக அதிகமாகவும் பின்தங்கும். இரும்பு தானே காந்தமாகிவிடுவதால் வரிசையின் மறுகோடியில் நிற்கும். கருவி செய்வதெல்லாம், வாங்கும் சுருளின் சமிக்ஞையை ஒரு மின்னணு ஸ்விட்ச் வழியாக, ஒவ்வொரு சுழற்சியிலும் குறித்த கணத்தில் திறந்து மூடி, சராசரி எடுப்பது. அந்தக் கணத்தைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால், ஒரு குறிப்பிட்ட கட்டத்தில் வரும் பொருள் மட்டும் சராசரியில் பூஜ்யமாகிவிடும். கருவி அதைக் கண்டுகொள்ளாது. டெசோரோவின் 'டிஸ்கிரிமினேஷன்' திருகு இந்தத் திறப்பு நேரத்தை நகர்த்துகிறது, அவ்வளவே. 10 கிலோஹெர்ட்ஸில் ஒரு சுழற்சி 100 மைக்ரோநொடி. அதை 360 பாகையாகப் பிரித்தால், ஒரு பாகை என்பது 0.28 மைக்ரோநொடி. மண்ணில் உள்ள இரும்புத் தாதுவை மறைக்கும் திருகும் இதே வேலையைத்தான் வேறொரு கோணத்தில் செய்கிறது. சோடா டப்பாவின் இழுப்பு வளையமும் மெல்லிய தங்க மோதிரமும் ஏறக்குறைய ஒரே கட்டத்தில் விழுவதால், வளையத்தை ஒதுக்கத் திருகியவர் மோதிரத்தையும் ஒதுக்கிவிடுகிறார். எத்தனை விலை கொடுத்து வாங்கினாலும் இந்தக் குழப்பம் போகாது.

சிறு கிளைக்கதை ஒன்று. ஆன்டெனாவைக் கையில் பிடித்து நடந்தால் தொலைவில் புதைந்த தங்கத்தின் பக்கம் தானே திரும்பும் என்று விற்கப்படும் கருவிகளைப் பற்றியும் அதே வாசகர் கேட்டிருக்கிறார். ஏடிஇ 651 என்ற பெயரில் வெடிகுண்டு கண்டுபிடிக்கும் கருவி என்று ஈராக் அரசுக்கே விற்கப்பட்டது ஒன்று. கீல் வைத்த ஒரு ஆன்டெனா, கைப்பிடி, உள்ளே வேலை செய்யும் மின்னணு எதுவும் இல்லை. சோதனைச் சாவடிகளில் அதை நம்பி வண்டிகளை விட்டார்கள். விற்ற ஜேம்ஸ் மக்கார்மிக்குக்கு 2013-இல் லண்டன் நீதிமன்றம் 10 ஆண்டு சிறை விதித்தது. நம் ஊரில் இரிடியம் கலசம் என்று ஏமாறுகிறவர்களைப் பார்த்துச் சிரிக்கிறோம். ஓர் அரசின் பாதுகாப்புத் துறையே ஏமாந்திருக்கிறது. சுருளும் இல்லை, மின்கலமும் இல்லை என்றால் வாங்காதீர்கள்.

பழுதுக்குத் திரும்புவோம். டெசோரோவின் பெரும்பாலான மாடல்களில் மைக்ரோகன்ட்ரோலர், அதாவது நிரல் எழுதிய சிப், கிடையாது. செயல்பாட்டுப் பெருக்கி, டிரான்சிஸ்டர், மின்தடை, மின்தேக்கி, அவ்வளவுதான். ஆர்வலர்கள் போர்டைப் பார்த்துப் பார்த்துப் பல மாடல்களின் சர்க்யூட்டை வரைந்து வைத்திருக்கிறார்கள். பழைய ரேடியோ மெக்கானிக் ஒருவருக்கு அதைப் படிக்கத் தெரியும். கசிந்த மின்கலத்தின் காரத்தை எலுமிச்சைச் சாறு அல்லது வினிகரால் முறித்து, பிறகு ஆல்கஹாலால் துடைப்பார். கரகரக்கும் திருகுகளைச் சுத்தம் செய்வார். காய்ந்துபோன எலக்ட்ரோலிட்டிக் மின்தேக்கிகளை மாற்றுவார். ஓர் எச்சரிக்கை மட்டும் அவரிடம் சொல்லி வையுங்கள்: சுருளோடு சேர்ந்து அதிரும் மின்தேக்கியை மாற்ற நேர்ந்தால், அதே மதிப்புள்ள சாதாரணச் செராமிக்கைப் போட வேண்டாம். அதன் மதிப்பு வெயிலுக்கும் வோல்ட்டேஜுக்கும் ஏற்ப மாறும். மேசையில் அருமையாக வேலை செய்யும் கருவி, மணலில் அரைமணி நேரம் நடந்ததும் கட்டம் தவறி ஆணியைக் காசு என்று சொல்லும். பிலிம் வகை மின்தேக்கியே வேண்டும்.

திரையும் மெனுவும் உள்ள டிஜிட்டல் டிடெக்டரில் நிலைமை வேறு. அங்கே கட்டத்தைக் கணக்கிட்டு, பொருளுக்கு எண் கொடுத்து, திரையில் காட்டுவதெல்லாம் ஒரு சிப்புக்குள் இருக்கும் நிரல். அந்தச் சிப்பை யாரும் படித்துப் பிரதி எடுக்காதபடி பெரும்பாலும் பூட்டியே அனுப்புகிறார்கள். சிப் செத்தால், வெற்றுச் சிப் சில டாலருக்குக் கிடைக்கும்; நிரல் கிடைக்காது. இன்னொரு செத்த கருவியின் போர்டைப் பிடுங்கிப் போடுவதுதான் ஒரே வழி.

இதில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. பழுதுபார்க்கும் உரிமை பற்றி உலகமெங்கும் சட்டங்கள் வருகின்றன. வைட்ஸ் இருந்த ஓரிகன் மாநிலமே 2024-இல் ஒன்றை இயற்றியது. 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. உதிரி பாகமும் கையேடும் தயாரிப்பாளர் தர வேண்டும் என்கிறது சட்டம். நல்லது. ஆனால் உயிரோடு இருக்கும் தயாரிப்பாளரைத்தானே அது கட்டுப்படுத்தும்? இல்லாத கம்பெனிமேல் யார் வழக்குப் போடுவது? கருவியை விற்கத் தொடங்கும்போதே சர்க்யூட்டையும் நிரலையும் ஒரு பொதுக் காப்பகத்தில் முத்திரையிட்டு வைக்க வேண்டும், கம்பெனி மூடினால் முத்திரை உடைய வேண்டும் என்று விதி செய்தால் யாருக்கும் நட்டமில்லை. மென்பொருள் வாங்கும் பெரிய நிறுவனங்கள் இப்படி மூன்றாவது நபரிடம் ஒப்படைக்கச் சொல்லி ஒப்பந்தம் போடுவது வெகுகாலமாக உள்ள பழக்கம். அவர்களுக்குக் கிடைப்பது கடற்கரையில் நடக்கும் ஓய்வூதியருக்கு ஏன் கிடைக்கக்கூடாது?

வாசகருக்கு: கேபிளைச் சரிபார்த்த பிறகும் சத்தம் நிற்காவிட்டால் சுருளைத் தேடுங்கள். பழைய சுருள் வாங்கும்போது ஓட்டில் விரிசல் இருக்கிறதா என்பதோடு, காதருகே பிடித்துக் குலுக்கி உள்ளே ஏதும் ஆடுகிறதா என்றும் பாருங்கள். நல்லதாக ஒன்று கிடைத்துவிட்டால், அது நன்றாக இருக்கும்போதே இரண்டு சுருள்களின் மின்தடையையும் மின்தூண்டல் எண்ணையும், இவற்றை அளப்பதற்கென்றே உள்ள எல்சிஆர் மீட்டரால் அளந்து, மின்கல மூடியின் உட்புறம் எழுதி ஒட்டிவிடுங்கள். அடுத்த முறை பழுது வரும்போது மெக்கானிக் முதலில் கேட்கப்போவது அந்த நான்கு எண்களைத்தான்.